அந்தம்மா சொன்னது எனக்குப் புரிந்தது

நைனா,

நேற்று சாயங்காலம் போனில், "ஆஸ்பத்திரில மாரி அவங்க அம்மா பக்கத்துலயே உக்காந்துகினு இருக்காம்மா. ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டேன்றா. பதில் வராத ஆள்கிட்ட இன்னா பேசறதுன்னு என்னையே கேக்கறா" என்று சொன்னாய். நான் ஆங், ஆங் என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். மாமியார்க்காரிக்கு அவ்வளவுதான் அக்கறை என்று நீ நினைத்திருப்பாய். அதற்குப் பிறகு நான் கடையைத் திறக்கவில்லை. இரண்டு தெலுங்குக் குடும்பம் மொட்டை போட்டுக்கொண்டு வந்து சந்தனம் கேட்டுக் கதவைத் தட்டியது. உள்ளே உட்கார்ந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சந்தனம் அரைத்து வைத்தது கிண்ணத்தில் அப்படியே காய்ந்து கிடக்கிறது.

சுற்றி வளைத்து எழுதினால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மாரியின் அம்மா தன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாவாவிலிருந்து எனக்குப் போன் செய்தார் அல்லவா. அவர் பேசியது பிசாயா பாஷை, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். அது பொய். அந்தம்மா சொன்னது எனக்குப் புரிந்தது. புரிந்துதான் சொல்லாமல் இருந்தேன்.

பன்னிரண்டு நாள் முன்னால் நீங்கள் அங்கே கிளம்பியபோது விமான நிலையத்தில் இதைச் சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன். நீ பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாய். மாரி வந்து என் வலது கையை எடுத்துக் குனிந்து தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தை தாரா, ‘ஆயா, எனக்கு, எனக்கு’ என்று அவளும் கையை இழுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேருடைய நெற்றியும் சூடாக இருந்தது. அப்படி ஒரு மரியாதையைச் செய்தவளிடம் நான் யார் என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

நீ மணிலா நாட்டுக்கு டாக்டருக்குப் படிக்கப் போய், அங்கே டாவாவிலேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டிக்கொண்டாய். குழந்தை பிறந்து மூன்று வயது ஆன பிறகுதான் அவளை இங்கே கூட்டி வருகிறேன் என்று போன் செய்தாய். அதற்கு முன்னால் அவளை நான் போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். வருகிறவளிடம் இரண்டு வார்த்தையாவது அவள் பாஷையில் பேச வேண்டும் என்று எனக்கு ஆசை. இந்த ஆசை நிஜமானது, அதை மட்டும் நம்பு. கனகம்மாசத்திரத்து சரோஜாவை உனக்குத் தெரியும், குவைத்தில் ஒன்பது வருஷம் ஒரு வீட்டில் வேலை செய்தவள். அவளோடு அந்த வீட்டில் மணிலாக்காரி ஒருத்தி இருந்தாளாம். அவளிடமிருந்து சரோஜா டகாலோக் பாஷை கற்றுக்கொண்டாள், சரோஜாவிடமிருந்து நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் ஒரு முறை காதில் விழுந்தது என்னை விட்டுப் போகாது. உன் பழைய நோட்டின் இடது பக்கத்தில் சரோஜா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டேன். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் இசா, தலாவா, தத்லோ, ஆபத், லிமா. வீட்டுக்கு பஹாய். அரிசிக்கு பிகாஸ். ‘அக்கா, அவங்க பாஷைல இல்லன்றதுக்கு இன்னா தெரியுமா? இந்தி’ என்று சரோஜா சொன்னபோது இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம்.

சரோஜா இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தாள். "சின்னவங்க பெரியவங்களைப் பார்த்தா கையை எடுத்து நெத்தியில வெச்சிகினு, மானோ போன்னு சொல்வாங்கக்கா. ஒவ்வொரு பேச்சுலயும் போ, போன்னு சேர்ப்பாங்க. நம்ம ங்க மாதிரி. போ சொல்லலன்னா மரியாதை இல்லன்னு அர்த்தம்." அதை நான் சாசனம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் வந்து இறங்கிய அன்று வாசலில் இருபது பேர். உன் சித்தப்பா வீட்டார், ஆர்.கே.பேட்டையிலிருந்து அத்தைமார்கள். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்க, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். நீ அவளுக்கு நம் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாய். அவள் என் கையைப் பார்க்கவே இல்லை, நேராகக் குனிந்து காலில் விழுந்தாள். என் கை காற்றில் நின்றது. உன் அத்தை, "இன்னா அண்ணி, பஸ் நிறுத்தறியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஊரறிய என் காலைத் தொட்டு வணங்கிய பெண்ணின் மேல், கையைத் தொடவில்லை என்று வன்மம் வைத்த ஒரே மாமியார் நானாகத்தான் இருப்பேன். அவள் எனக்காக நம் வழக்கத்தைக் கற்றாள், நான் அவளுக்காக அவள் வழக்கத்தைக் கற்றேன், அது எவ்வளவு நல்ல விஷயம் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது அத்தையின் சிரிப்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் போவை எண்ண ஆரம்பித்தேன். அவள் என்னோடு பேசும்போது போ வரவே வராது. நான் டகாலோக்கில் சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் சொல்வாள், ஆனால் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதற்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். அவள் அம்மாவுக்குப் போன் செய்யும்போது மட்டும் ஆற்றுத் தண்ணி மாதிரி ஓடும். அதில் நான் கற்றது எதுவும் சரியாக வராது. பஹாய்க்கு பலாய் என்றாள். பிகாஸுக்கு புகாஸ். இந்திக்கு டிலி. இவள் என்னிடம் ஒரு பாஷை, அம்மாவிடம் ஒரு பாஷை வைத்திருக்கிறாள், என்னைப் பற்றிக் குறை சொல்லத்தான் இந்த மறைப்பு என்று முடிவு கட்டினேன். உன்னிடம் கேட்டபோது நீ சிரித்தாய்.

"அது வேற பாஷைம்மா. அவ ஊர்ல பேசறது செபுவானோ. பிசாயான்னும் சொல்வாங்க. டகாலோக் மணிலா பக்கத்து பாஷை. நம்ம தமிழும் தெலுங்கும் மாதிரின்னு வெச்சிக்கோயேன்."

"அப்ப போ?"

"பிசாயால போவே கெடையாதும்மா. மரியாதையைக் குரல்லயே காட்டுவாங்க."

நீ அவ்வளவு தெளிவாகச் சொன்னாய். நான் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து நோட்டின் வலது பக்கத்தில் மாரியின் போன் பேச்சிலிருந்து பொறுக்கி எழுத ஆரம்பித்தேன். வேவு பார்க்கத்தான் எழுதினேன், அதையும் மறைக்க மாட்டேன். ஊசா, துஹா, துலோ, உபத், லிமா. ஐந்தில் வந்து இரண்டு பாஷையும் கை கோத்துக்கொள்கிறது. ஏழு, எட்டு, ஒன்பதும் ஒன்றுதான். மழைக்கு இரண்டிலும் ஊலான். நாளைக்கு என்பதற்கு ஒன்றில் பூகாஸ், இன்னொன்றில் உக்மா, ஒட்டே இல்லை. ஒரு நாள் சர்க்கரை டப்பாவில் எறும்பைக் காட்டி, சரோஜா சொல்லிக் கொடுத்த மாதிரி லங்காம் என்று தாராவிடம் சொன்னேன். அவள் குதித்துக் குதித்துச் சிரித்தாள். அவள் பாஷையில் லங்காம் என்றால் பறவையாம். "ஆயா, சர்க்கரைல பறவை உக்காந்துகிது!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மாரியும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை, என்னைக் கேலி செய்கிறார்கள் என்று உள்ளே போய்விட்டேன்.

நோட்டில் இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது, உன்னைப் போல் படித்தவர்கள் இதை வேறு மாதிரிச் சொல்வார்களோ என்னவோ. தமிழும் தெலுங்கும் மாதிரி என்று நீ சொன்னது சொற்களுக்குச் சரி. ரெண்டு ரெண்டுதான், நாலு நாலுகு, மூணு மூடு. ஆனால் அதைவிட இன்னொரு ஒற்றுமை இருக்கிறது. மாரியின் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் டகாலோக் தெரியும், பள்ளிக்கூடத்திலும் டிவியிலும் அதுதான். மணிலாக்காரர்களுக்கு பிசாயா தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு பாஷைக்கு நடுவில் எப்போதும் ஒரு பக்கம்தான் குனிய வேண்டியிருக்கிறது. குனிகிறவர்களுக்கு இரண்டும் தெரியும். நிமிர்ந்து நிற்கிறவர்களுக்கு ஒன்றே போதும்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? நகரிக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குப் பெண் நான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள், தாகத்தில் வாய் தவறி நீள்ளு என்று கேட்டேன். உன் அப்பாவின் அம்மா, "இந்த வீட்டு அடுப்பு தமிழ்லதான் எரியும், கொல்ட்டிப் பேச்சை வாசல்லயே விட்டுட்டு வா" என்றாள். என் அம்மா ஆடிக் கிருத்திகைக்கு மலையேற வருவாள். இந்த வீட்டில் வாயே திறக்க மாட்டாள், தலையைத்தான் ஆட்டுவாள். படிக்கட்டில் என்னோடு தனியாக ஏறும்போதுதான் பேசுவாள், மூச்சு வாங்க வாங்கப் பேசுவாள். நாற்பத்தேழு வருஷமாக உன் பாட்டியை நான் மன்னிக்கவில்லை. அவள் செத்த அன்று பந்தலில் எல்லோரும் அழ, நான் வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். கடையில் ஆந்திரா ஜனத்தைப் பார்த்து, ரண்டம்மா, சந்தனம் பெட்டுக்கோண்டி என்று வாய் நிறையக் கூப்பிடுவேன். வீட்டுக்குள் வந்தால் ஒரு வார்த்தை வராது. உனக்கே நான் தெலுங்கு கற்றுத் தரவில்லை. இதையெல்லாம் எழுதி, நானும் அடிபட்டவள்தான் என்று சொல்லிவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். வேண்டாம். அடி எங்கே விழும் என்று தெரிந்தவள் குறி பார்த்து அடித்தேன், தெரியாமல் அடித்தவளைவிட அது கேவலம்.

குறி பார்த்து அடித்தது எப்படி என்று சொல்கிறேன். சரோஜா ஒரு நாள் பேச்சுவாக்கில், குவைத் வீட்டில் சமையலுக்கு ஒரு பிசாயாக்காரி இருந்தாள், மணிலாக்காரி அவள் பேசுகிற மாதிரியே இழுத்துப் பேசிச் சிரிப்பாள், ‘பிசாயா வேலைக்காரிங்க பேசற பாஷை’ என்பாள் என்று சொன்னாள். சரோஜா அந்தச் சமையல்காரி பாவம் என்றுதான் சொன்னாள். நான் அதைக் கத்தி மாதிரி எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே மாரி தாராவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு தன் பாஷையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "குழந்தைக்கு மணிலா பாஷை சொல்லிக் குடு. நாலு எடத்துல மதிப்பா இருக்கும். வேலைக்காரிங்க பேசறது எதுக்கு?" மாரி பாட்டை அங்கேயே நிறுத்தினாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் அந்தப் பாட்டு இல்லை. அம்மாவோடு பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு மலைப் படிக்கட்டுக்குப் போய்விடுவாள். நீ கேட்டதற்கு, வீட்டில் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ, வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் இங்கே எழுத வேண்டிய பரீட்சை மறுநாள் என்று சென்னையில் இருந்தாய், படிக்க வேண்டும் என்று போனை அணைத்து வைத்திருந்தாய். மாரியின் போன் கண்ணாடி உடைந்து கடையில் கிடந்தது. அன்று காலையில் சரோஜா வந்திருந்தாள். மாரி தாராவைப் பார்த்து ஏதோ இரண்டு வார்த்தை பிசாயாவில் சொல்லிவிட்டாள், வாய் தவறித்தான். நான் சரோஜாவிடம், "பார்த்தியா, என்னைத் திட்றா. தெரியாதுன்னு நெனச்சிகினு" என்றேன். மாரி தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தை, என் பாஷைல நான் உங்களைத் திட்டல. திட்டணும்னா தமிழ்லயே திட்டுவேன். நீங்கதான் நல்லா கத்துக் குடுத்துகிறீங்க."

சரோஜாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, உம் மருமவ திருத்தணிக்காரி ஆயிட்டா!" என்றாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு முறைதான். அதுவும் நியாயமான பேச்சு. எனக்கு உச்சந்தலையில் தீ வைத்தது போல இருந்தது. மாரி, குழந்தையின் பழைய பாஸ்போர்ட் முடியப் போகிறது, புதுசுக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்று தாராவை அழைத்துக்கொண்டு அரக்கோணம் போய்விட்டாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு என் போன் அடித்தது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நீதான் என் நம்பரை அந்தம்மாவிடம் கொடுத்திருந்தாய். முதலில் பிசாயாவில் மாரிசெல், மாரிசெல் என்று கேட்டார். இல்லை என்பதை நான் டகாலோக்கில், இந்தி, இந்தி என்றேன். எனக்கு அந்தப் பாஷைதான் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவர் டகாலோக்கில் பேசினார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, எனக்காக. நாசா ஓஸ்பித்தால் போ அகோ. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். மாரிசெல்லிடம் சொல்லுங்கள் போ. நாளைக்கு ஆபரேஷன் போ. பூகாஸ் என்றுதான் சொன்னார், உக்மா என்று சொல்லவில்லை. அவர் பாஷையில் இல்லாத போவை ஒவ்வொரு பேச்சுக்கும் சேர்த்தார் நைனா. இரண்டு வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருந்த போ அத்தனையும் அந்த நாலு நிமிஷத்தில் அவர் கொடுத்துவிட்டார், தலைக்குள் ரத்தம் கட்டிப் படுத்திருந்த மனுஷி. கடைசியில் அவர் மறுபடியும் தன் பாஷைக்குப் போனார். அது எனக்குச் சொன்னதில்லை, மகளுக்குச் சொன்னது. ஒரே வரி. நான் ஆங் என்றேன். அவர் நன்றி சொன்னார்.

சாயங்காலம் ஆறரைக்கு மாரி வந்தாள். அங்கே ஒன்பது மணி இருக்கும், அந்தம்மா விழித்துத்தான் இருந்திருப்பார். நான் வாசலில் பூ கட்டிக்கொண்டு இருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றினாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவளே முதலில் வந்து பேசட்டும், பேசினால் சொல்வோம். அவள் பேசவில்லை, நேராக உள்ளே போனாள். சரி, காலையில் பேசுவாள் என்று இருந்தேன். காலையில் நம் ஊரில் விடிவதற்குள் அங்கே ஆபரேஷனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மருமகளின் அம்மா கத்திக்குப் போகிற நேரத்தில் நான் யார் முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை நீ போனைத் திறந்து, மாரியின் தம்பி அனுப்பிய செய்தியைப் பார்த்து, அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். உயிர் இருக்கிறது, பேச்சு போய்விட்டது, இனி வராது என்றார்கள்.

நீ என் போனை வாங்கிப் பார்த்தாய். "நாலு நிமிஷம் பேசிகிறியேம்மா. இன்னா சொன்னாங்க?"

"அவங்க பேசிகினே இருந்தாங்க, நான் ஆங் ஆங்னேன். நான் கத்துகினது டகாலோக். அது பிசாயா இல்லியா."

நீயே மாரியிடம் திரும்பி, ஆமாம், இரண்டும் எவ்வளவு வேற வேற, அம்மாவுக்கு எப்படிப் புரியும் என்று எனக்காக வாதாடினாய். நீ அன்றைக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை நான் எனக்குக் கேடயமாக எடுத்துக்கொண்டேன். ஓஸ்பித்தால் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான் என்பது மாரிக்குத் தெரியும். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைக்கு வந்து, என் எதிரில் தரையில் உட்கார்ந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டாள்: "அத்தை, நீங்க எதையும் மறக்க மாட்டீங்க. அர்த்தம் தெரியலன்னாலும் பரவால்ல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சத்தமாவது ஞாபகம் இருக்கா? அம்மா கடைசியா பேசினது அது." நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். என் ஆயுசில் நான் சொன்ன பொய்களில் மோசமானது இதுதான். அந்த வரி அப்போதும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தையின் பாஸ்போர்ட் வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. நீங்கள் கிளம்புகிற வாரம், மாரி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நான் தாராவைக் கடைக்குக் கூட்டிப் போய் அந்த வரியை அவள் காதில் சொன்னேன். அவள் கண்ணை அகட்டிக்கொண்டு, "ஆயா, நீ எப்போ பிசாயா கத்துகினே?" என்றாள். அர்த்தம் கேட்டேன். விரலால் சந்தனத்தைத் தொட்டு மூக்கில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "தங்கமே, கவலைப்படாதே. உன் குரல் மட்டும் கேக்கணும்." அவ்வளவுதான் வரி. இதை அம்மாவிடம் சொல்லாதே என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சத்தியம் வேறு வாங்கினேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தப் பாரத்தை அவளிடமிருந்து இறக்கி வை.

உனக்கு ஒரு புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கெட்ட பழக்கம் உனக்கு என்னால் வந்தது. ஏழு வயதில் உன் பாட்டிக்கும் எனக்கும் நடுவில் நீதான் தூது போவாய். என்னைக் கொல்ட்டி என்று திட்டினாளா என்று கேட்டால், ‘இல்லம்மா, உன்னை சாப்பிடச் சொன்னாங்க’ என்பாய். இரண்டு பக்கமும் சர்க்கரை தடவியே வளர்ந்துவிட்டாய். இன்றைக்கும் மாரியிடம், அம்மாவுக்கு வயசாச்சு, குழப்பத்துல விட்டுட்டாங்க என்றுதான் சொல்லத் தோன்றும். சொல்லாதே. எனக்குக் குழப்பம் இல்லை. புரிந்தது, வேண்டுமென்று மறைத்தேன் என்று சொல். அவள் என்னோடு பேசாமல் போனால் போகட்டும், தாராவை என்னிடம் காட்டாமல் போனாலும் கேட்க எனக்கு வாய் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நாற்பத்தேழு வருஷம் ஒருத்தியை மன்னிக்காதவள் எந்த முகத்தோடு கேட்பேன்?

இதை இன்றைக்கே எழுதுவதற்குக் காரணம் நீ நேற்று சொன்னதுதான். பதில் வராத ஆளிடம் என்ன பேசுவது என்று மாரி கேட்கிறாள். அந்தம்மாவுக்குப் போனது பேச்சுதான், காது நன்றாக இருக்கிறது என்று டாக்டராகிய நீதானே சொன்னாய்? அவர் பதில் பேச வேண்டும் என்று ஆசைப்படவில்லை. மகள் குரலைக் கேட்கத்தான் ஆசைப்பட்டார். அது மாரிக்குத் தெரியாது. அந்த வரியைக் காதில் வைத்திருந்த ஒரே ஆள் நான், ஏழு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சரோஜா வந்து இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். அவள் படித்தால் படிக்கட்டும். படித்தவுடன் நீ ஆஸ்பத்திரிக்குப் போ. முதலில் மாரியை வெளியே கூப்பிட்டு நான் செய்ததைச் சொல். அவள் அழுது முடிக்கட்டும், திட்டி முடிக்கட்டும். பிறகு கீழே இருப்பதைப் படித்துக் காட்டு. அந்தம்மா சொன்னது சொன்னபடி, நிறுத்திய இடத்தில் நிறுத்தி எழுதியிருக்கிறேன், ஒரு சத்தமும் விடவில்லை. லங்கா என்பதை அவர் கொஞ்சம் இழுத்துச் சொன்னார், அதற்குப் பிறகு மூச்சு வாங்கினார்.

லங்கா, ஆயாவ் கபலாகா. குஸ்தோ லாங் கோ மகாதுங்ஓக் சா இமொங் திங்ஓக்.

படித்தவுடன் அவளை உள்ளே அனுப்பி, அம்மாவின் காதருகே உட்கார வை. என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என்னைப் பற்றியே பேசினாலும் சரி.

அம்மா